துடிப்பான போஸ்களை வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதாபாத்திரங்களை வரையத் தொடங்கும் பலரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து தடைப்பட்டு நிற்கிறார்கள். முகம் நன்றாக வருகிறது, உடல் அளவுகளும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆனால் வரைந்த உருவத்தில் உயிர் இல்லை. ஓடுபவர் ஓடவில்லை, குதிப்பவர் காற்றில் தொங்குகிறார். பல ஆண்டுகளாகப் படக்கதைகள் வரைந்தும் வரையக் கற்றுக்கொடுத்தும் வரும் என்னிடம் மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவையே. கீழே உள்ள விடைகள் பலவாக இருந்தாலும் அவற்றின் அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான்: உடலின் எடை இப்போது எங்கே இருக்கிறது, அடுத்த நொடி அது எங்கே போகப்போகிறது என்ற இரண்டையும் முடிவுசெய்த பிறகே பென்சிலைத் தாளில் வைக்க வேண்டும்.

உடற்கூறு சரியாக இருந்தும் என் உருவங்கள் ஏன் மரப்பாச்சி போல விறைத்து நிற்கின்றன?

பெரும்பாலும் வரையும் வரிசைதான் காரணம். தலையை முழுமையாக முடித்துவிட்டு, பிறகு கழுத்து, தோள், மார்பு, கை, கால் என்று மேலிருந்து கீழாக ஒவ்வோர் உறுப்பாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். ஆனால் அவை அனைத்தும் சேர்ந்து ஒரே செயலைச் செய்வதாகத் தோன்றாது. உண்மையான உடலில் எந்தச் செயலும் ஓர் உறுப்போடு நிற்பதில்லை. ஒருவர் வலக்கையால் ஓங்கிக் குத்துவதைக் கவனியுங்கள். பின்னால் இருக்கும் வலக்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பி வெளிப்பக்கம் திரும்புகிறது, அந்தத் திருப்பம் இடுப்பை முன்னே தள்ளுகிறது, இடுப்பு விலாக்கூட்டை இழுத்துச் செல்கிறது, தோள் கன்னத்தை ஒட்டி முன்னே வருகிறது, அதற்குப் பிறகுதான் முஷ்டி போய்ச் சேர்கிறது. உடல் நிமிர்ந்து நிற்க, கை மட்டும் நீண்டிருக்கும்படி வரைந்தால், அவர் சுவரில் இருக்கும் ஒரு பொத்தானை அழுத்துவதாகவே பார்ப்பவர் புரிந்துகொள்வார்.

இரண்டாவது காரணம் இரட்டைத்தன்மை. இரு கைகளும் ஒரே கோணத்தில் மடங்கியிருப்பதும், இரு கால்களும் ஒரே அளவில் விரிந்திருப்பதும் கண்ணுக்கு ஒரு பொம்மையை நினைவூட்டுகின்றன. அனிமேஷன் கலைஞர்கள் இதை ‘ட்வின்னிங்’ என்று பெயரிட்டு, தவிர்க்க வேண்டிய பிழைகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஒரு கையைச் சற்று உயர்த்தி, மறு காலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினாலே இதில் பாதி சரியாகிவிடும். முதல் காரணம் அவ்வளவு எளிதில் விலகாது. வரிசையையே மாற்றியாக வேண்டும்.

‘லைன் ஆஃப் ஆக்‌ஷன்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

உருவத்தின் முழுச் செயலையும் ஒரே வீச்சில் சொல்லிவிடும் கற்பனைக் கோடு அது. இங்கே அதைச் செயல்கோடு என்று அழைப்போம். தலை உச்சியில் தொடங்கி, முதுகெலும்பு வழியாக இறங்கி, எடை தாங்கும் காலிலோ அல்லது செயலின் விசை புறப்படும் காலிலோ போய் முடியும். அது உடலின் வெளிக்கோடு அன்று. எந்த எலும்பையும் அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. வில்லை இழுப்பவர், பந்தை எறிய உடலைப் பின்னுக்கு வளைப்பவர், பாரம் தாங்காமல் குனிபவர் ஆகியோரின் கோடு ஒரே பக்கம் வளைந்த பிறை போல இருக்கும். ஒரு காலில் சாய்ந்து ஓய்வாக நிற்பவரின் கோடு இரு பக்கமும் வளைந்து பாம்பு போல நெளியும். பாய்பவருக்கும் உதைப்பவருக்கும் அது ஏறக்குறைய நேராகவே இருக்கலாம். ஆனால் செங்குத்தாக இருக்காது, சாய்ந்திருக்கும்.

இந்தக் கோட்டை வரைவதற்கு இரண்டு நொடிகூடத் தேவையில்லை. ஆனால் அதை முதலில் வரைந்துவிட்டு, பிறகு பழைய பழக்கத்தில் அதைச் சுற்றி நேரான உடல் ஒன்றை அடுக்கிவிடுகிறவர்கள் மிகப் பலர். தாளில் கோடு வளைந்திருக்கும்; விலாக்கூடும் இடுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக உட்கார்ந்திருக்கும். கோடு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே இவ்விரு பெரும் பகுதிகளும் சாய்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்தால் எந்தப் போஸும் தோன்றுவதில்லை. யோசனை எங்கிருந்து வரும்?

‘ஒரு நல்ல போஸ் வேண்டும்’ என்று தேடினால் எதுவும் வராது. நினைவில் ஏற்கெனவே படிந்துகிடக்கும் நாலைந்து போஸ்களே திரும்பத் திரும்ப வரும்: இடுப்பில் கை வைத்து நிற்பது, கைகளைக் கட்டிக்கொள்வது, வாளைத் தோளில் சாய்த்திருப்பது. போஸுக்குப் பதிலாக ஒரு வினைச்சொல்லைத் தேடுங்கள். இழுக்கிறாள், ஒளிகிறான், தடுமாறுகிறார், எட்டிப் பிடிக்கிறாள், தப்பிக்கிறான் என்று ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், உடனே அடுத்தடுத்த கேள்விகள் எழும். எதை இழுக்கிறாள்? அது எவ்வளவு கனம்? அது வந்துவிடும் என்று நம்புகிறாளா, அல்லது சலித்துப்போய் இழுக்கிறாளா? இந்த விடைகள்தான் உடலை வளைக்கின்றன.

ஓர் உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்போம். தண்ணீர் நிறைந்த வாளியை ஒருத்தி வலக்கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். முதலில் தோன்றும் படத்தில் அவள் நிமிர்ந்து நடப்பாள், கையில் ஒரு வாளி தொங்கும். அந்த வாளி காலியாகத்தான் தெரியும். இப்போது வாளிக்கு எடை கொடுங்கள். வலத்தோள் கீழே இழுக்கப்படுகிறது. வலக்கை முழங்கையில் வளைய முடியாமல் கயிறு போல நேராகிறது. வாளியின் பாரத்தை ஈடுகட்ட மேலுடல் முழுவதும் இடப்பக்கம் சாய்கிறது. இடக்கை, தராசின் மறு தட்டைப் போல, உடலைவிட்டு விலகி வெளியே நீள்கிறது. அதன் விரல்கள் விரிந்திருக்கின்றன. வாளி காலில் இடிக்காமலிருக்க வலத்தொடை சற்று ஒதுங்குகிறது, அடிகள் குறுகிவிடுகின்றன. தலை மட்டும் நிமிர முயல்கிறது, ஏனெனில் அவள் போகும் வழியைப் பார்க்க வேண்டும். வாளியையே அழித்துவிட்டாலும் அவள் கனமான எதையோ தூக்குகிறாள் என்பது இந்தப் படத்தில் தெரியும். அவள் பத்து வயதுச் சிறுமியாக இருந்தால் இரண்டு கைகளாலும் பிடித்து, வாளியைக் கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு, பின்னால் சாய்ந்து தத்தித் தத்தி நடப்பாள். பழக்கப்பட்ட வலிமையான பெண்ணாக இருந்தால் சாய்வு மிகச் சிறிதாகவே இருக்கும். ஒரே வினைச்சொல்லிலிருந்து மூன்று போஸ்கள் கிடைத்துவிட்டன.

யோசனை கிடைத்ததும் பெரிய தாளில் இறங்கிவிடாதீர்கள். கட்டைவிரல் அளவில் எட்டு அல்லது பத்துச் சிறு படங்களை வரையுங்கள். முதல் இரண்டும் மூன்றும் எல்லோருக்கும் தோன்றுகிறவையாகவே இருக்கும். என் அனுபவத்தில் ஐந்தாவது, ஆறாவது படங்களில்தான் கை சலித்துப்போய் எதையாவது புதிதாகத் தேடத் தொடங்குகிறது.

யோசித்துப் பார்த்தும் உடல் எப்படி வளையும் என்று கற்பனை செய்ய முடியவில்லை. என்ன செய்வது?

எழுந்து நின்று அதை நீங்களே செய்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அனிமேஷன் கலைஞர்கள் மேசையருகே கண்ணாடி வைத்துக்கொள்வது தொழிலின் பகுதி. கண்ணாடியில் பார்ப்பதைவிட முக்கியமானது உள்ளே உணர்வது. எந்தக் கால் வலிக்கிறது, எந்தத் தசை இறுகுகிறது, எங்கே விழப்போவது போல இருக்கிறது என்பதை உடல் சொல்லிவிடும். அந்த இறுக்கம் இருக்கும் இடங்களில் கோட்டை அழுத்தமாகவும் நேராகவும், தளர்ந்திருக்கும் இடங்களில் மென்மையாகவும் வளைவாகவும் போடுங்கள்.

உருவம் விழப்போவது போல இருக்கிறது. சமநிலையை எப்படிச் சரிபார்ப்பது?

நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலின் உள்ளே இருக்கிறது. அங்கிருந்து ஒரு நூற்குண்டை, அதாவது நூலில் கட்டிய எடையை, தொங்கவிட்டால் அது பாதங்கள் சூழ்ந்திருக்கும் பரப்புக்குள் விழ வேண்டும். விழுந்தால் உருவம் நிற்கும். முன்புறமிருந்து வரையும்போது எளிய வழி ஒன்று உண்டு. எடை முழுவதும் ஒரே காலில் இருந்தால், கழுத்தடிக் குழியிலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அந்தக் காலின் கணுக்காலுக்கு அருகே வந்து சேரும்.

இதை அறிந்த பிறகு செய்ய வேண்டியது, வேண்டுமென்றே இதை மீறுவது. நடப்பதும் ஓடுவதும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் வீழ்ச்சிகளே. ஈர்ப்பு மையம் பாதத்தைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. விழுவதற்குள் அடுத்த கால் வந்து தாங்குகிறது. ஆகவே ஓடுபவரை வரையும்போது அந்த நூற்குண்டு பாதத்துக்கு முன்னால் விழட்டும். எவ்வளவு முன்னால் விழுகிறதோ அவ்வளவு வேகமாக அவர் கிளம்புவதாகத் தெரியும். அதே மீறல் நின்றுகொண்டிருப்பவரிடம் தற்செயலாக நேர்ந்தால் அது பிழை.

தோளும் இடுப்பும் எதிரெதிராகச் சாய வேண்டும் என்கிறார்கள். ஏன்?

ஒரு காலில் எடையை வைத்ததும் அந்தப் பக்க இடுப்பு உயர்கிறது, மறு பக்கம் தளர்ந்து இறங்குகிறது. அப்படியே விட்டால் மேலுடல் சரிந்துவிடும் என்பதால், எடை தாங்கும் பக்கத்தின் தோள் கீழிறங்கி ஈடுகட்டுகிறது. கிரேக்கச் சிற்பி பாலிக்ளைட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஈட்டி ஏந்திய வீரனை இப்படித்தான் நிற்க வைத்தார். பிற்கால இத்தாலியர்கள் இதற்குக் கான்ட்ரப்போஸ்டோ என்று பெயரிட்டார்கள். நம் சிற்ப மரபில் தலை, மார்பு, இடுப்பு மூன்றும் மாறி மாறி வளையும் திரிபங்கமும் இதே உடல் உண்மையில் பிறந்ததுதான். அங்கே அது அழகுக்காக இன்னும் விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரு தோள்களையும் இணைத்து ஒரு கோடு, இரு இடுப்புமுனைகளையும் இணைத்து ஒரு கோடு. அவை இணையாக இருந்தால் உடல் அசைவற்றிருக்கும். ஒரு பக்கம் நெருங்கி மறு பக்கம் விரிந்தால், நெருங்கிய பக்கத்தில் இடைச் சதை மடிந்து அழுந்தும், விரிந்த பக்கத்தில் நீண்டு இழுபடும். இந்த மடிப்பையும் இழுப்பையும் வரையாமல் கோடுகளை மட்டும் சாய்த்தால் பயன் இல்லை. அழுந்திய பக்கத்தில் இரண்டு சிறு மடிப்புகள், இழுபட்ட பக்கத்தில் தடையற்ற ஒரே நீண்ட கோடு: இந்த வேறுபாடு ஒன்றே இடைப்பகுதிக்கு உயிர் தந்துவிடும்.

சாய்வோடு திருப்பமும் சேர்ந்தால் விசை இரட்டிப்பாகும். இங்கே ஓர் எச்சரிக்கை. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும் 5 எலும்புகள் குனியவும் நிமிரவும் நன்றாக உதவுகின்றன. ஆனால் மிகக் குறைவாகவே பக்கவாட்டில் திரும்புகின்றன. திருப்பத்தில் பெரும்பகுதி விலாக்கூட்டைத் தாங்கும் 12 எலும்புகளிலும் கழுத்திலும் நிகழ்கிறது. கால்களின் இடுப்பு மூட்டுகளும் அதில் பங்கெடுக்கின்றன. இடையைத் துணி பிழிவது போல முறுக்கி வரையும் படங்கள் உறுத்துவதற்குக் காரணம் இதுவே.

ஒரு செயலின் எந்தக் கணத்தை வரைய வேண்டும்?

இதுவே மிகப் பயனுள்ள கேள்வி என்று கருதுகிறேன். ஒவ்வொரு செயலுக்கும் மூன்று கட்டங்கள் உண்டு: விசையைச் சேர்ப்பது, விசை வெளிப்படுவது, வெளிப்பட்ட பின் உடல் அதைத் தொடர்ந்து போவது. தொடக்கநிலையில் எல்லோரும் நடுக் கட்டத்தையே வரைகிறார்கள். பந்து மட்டையில் படும் கணம், கால் இலக்கைத் தொடும் கணம் ஆகியவை காதில் பெரிதாக ஒலிக்கலாம். கண்ணுக்கு அவை பெரும்பாலும் மந்தமானவை, ஏனெனில் அந்தக் கணத்தில் உடல் இரண்டு எல்லைகளுக்கும் நடுவே இருக்கிறது.

கிரேக்கச் சிற்பி மைரான் செய்த வட்டெறிபவன் சிலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெண்கல மூலம் அழிந்துவிட்டது, ரோமானியர் செய்த பளிங்குப் பிரதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் வட்டு கையை விட்டுப் புறப்படவே இல்லை. கை பின்னால் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போய், திரும்பிவரும் முன் ஒரு நொடி தயங்கும் இடம் அது. எறிதல் முழுவதும் பார்ப்பவர் மனத்தில் நிகழ்கிறது. கோபமாக அடிக்கப்போகிறவரின் ஓங்கிய கை, அடித்து முடித்தவரின் கையைவிட அச்சம் தருவதும் இதனால்தான்.

அடிக்குப் பிந்தைய கட்டத்துக்கு வேறு பயன் இருக்கிறது. வாள் வீச்சு முடிந்து, உடல் எதிர்ப்பக்கம் முறுகி, ஆடையும் கூந்தலும் இன்னும் வந்து சேராமல் காற்றில் இருக்கும்போது, அந்த வீச்சு எவ்வளவு வலுவானது என்பது தெரிந்துவிடும். பலம், வேகம் ஆகியவற்றைக் காட்ட இதைத் தேர்ந்தெடுங்கள். எதிர்பார்ப்பையும் பதற்றத்தையும் காட்ட முதல் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

புகைப்படத்தில் இருப்பதை அப்படியே வரைந்தால் துடிப்பு வந்துவிடாதா?

வருவதில்லை என்பதை ஓவிய வரலாறே காட்டுகிறது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்தபோது, குதிரைகள் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களை பின்னேயும் முழுவதுமாக நீட்டிப் பறந்துகொண்டிருந்தன. 1878இல் புகைப்படக் கலைஞர் ஈட்வர்ட் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக வைத்து, பாய்ந்தோடும் குதிரையைப் படிப்படியாகப் படமெடுத்தார். குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருந்தன என்பது அப்போது வெளிப்பட்டது. ஆக, ஜெரிக்கோவின் குதிரை பொய். ஆனால் அந்தப் பொய்க் குதிரை இன்றும் பறக்கிறது; உண்மையான படங்களில் சில, குதிரை தடுக்கி விழுவது போலத் தோன்றுகின்றன.

சிற்பி ரோடின் இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர். புகைப்படம் ஒரே கணத்தை வெட்டியெடுக்கிறது. கலைஞனோ அடுத்தடுத்த கணங்களை ஒரே உடலில் சேர்த்துவைக்கிறான் என்பது அவர் வாதம். அவர் செய்த திருமுழுக்கு யோவான் சிலையில் நடந்துவரும் மனிதரின் இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிந்திருக்கின்றன. நடையின் எந்தக் கணத்திலும் உடல் அப்படி இருப்பதில்லை. பின்னங்கால் அடியெடுக்கும் தொடக்கமும் முன்னங்கால் எடையை வாங்கும் முடிவும் ஒரே உருவத்தில் இருப்பதால்தான் அவர் நடக்கிறார். நாமும் புகைப்படத்தை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும். அதிலிருந்து செயல்கோட்டை எடுத்து, அதைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, எடை தாங்கும் காலை உறுதியாக்கி, தேவையற்ற விவரங்களை விட்டுவிட வேண்டும். பிறருடைய படத்தைக் கோட்டுக்குக் கோடு நகலெடுத்துத் தன் படைப்பாக வெளியிடுவது நேர்மையல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல படங்களைப் பார்த்துவிட்டு, அவற்றை மூடிவைத்து வரைவதே என் வழக்கம்.

பார்த்து வரைவதற்கான ரெஃபரன்ஸ் படத்தை நீங்களே எடுப்பதானால், கேமராவை மிக அருகில் வைக்காதீர்கள். அரை மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் அருகிலுள்ள கை ஊதிப்போய், தலை சிறுத்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். போஸ் கொடுத்து அசையாமல் நிற்பதைவிட, செயலை உண்மையிலேயே செய்யவைத்து வீடியோ எடுத்து, அதிலிருந்து தனித்தனி ஃபிரேம்களைத் தேர்ந்தெடுப்பது பல மடங்கு நல்லது.

கணினியில் திருப்பி அமைக்கும் 3டி பொம்மைகளை வைத்து போஸ் அமைத்து வரையலாமா?

கோணத்தையும், தொலைவுக்கேற்ப அளவு மாறித் தெரியும் பெர்ஸ்பெக்டிவையும் சரிபார்க்க அவை உதவும். ஆனால் அவற்றின் சதை அழுந்துவதில்லை, தோள் சரியாக நகர்வதில்லை. கையைத் தலைக்கு மேல் முழுவதுமாக உயர்த்தும் 180 டிகிரி அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டை எலும்பின் நகர்விலிருந்து வருகிறது. காறை எலும்பும் கூடவே மேலெழும்புகிறது. எளிய பொம்மைகள் இதைச் செய்யாமல் கையை மட்டும் சுழற்றுவதால், அதைப் பார்த்து வரைந்த கைகள் உடலில் செருகியவை போல இருக்கும். எனவே போஸை முதலில் தாளில் கண்டுபிடித்துவிட்டு, ஐயம் தீர்க்க மட்டும் பொம்மையிடம் போங்கள்.

போஸ் தெளிவாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலுருவை மட்டும் பார்த்து அவர் என்ன செய்கிறார் என்று வேறொருவர் சொல்ல முடிந்தால் போஸ் தெளிவாக இருக்கிறது. கைகள் மார்புக்கு முன்னால் மறைந்துபோனால் நிழலுரு ஒரு மூட்டையாகிவிடும். முழங்கைக்கும் இடைக்கும் நடுவில், இரு முழங்கால்களுக்கும் நடுவில் வெற்றிடம் தெரியும்படி உருவத்தையோ பார்க்கும் கோணத்தையோ சற்றுத் திருப்புங்கள். அந்த வெற்றிடங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டாம்.

பார்ப்பவரை நோக்கி நீளும் கை, கால்களை வரையவே பயமாக இருக்கிறது.

ஃபோர்ஷார்ட்டனிங் எனப்படும் இந்தக் குறுக்கத்தை எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அதனால்தான் எல்லாப் போஸ்களும் சுவரில் ஒட்டிய தாளைப் போலத் தட்டையாகின்றன. மேற்கை, முன்கை, உள்ளங்கை ஆகியவற்றை மூன்று உருளைகளாக நினைத்துக்கொண்டு, எது எதை மறைக்கிறது என்பதை மட்டும் முதலில் முடிவுசெய்யுங்கள். முஷ்டி முன்கையை மறைக்கிறது, முன்கை மேற்கையை மறைக்கிறது. இந்த மறைப்புகளை அழுத்தமான கோட்டால் காட்டினால், நீளம் கொஞ்சம் தவறினாலும் கண் ஏற்றுக்கொள்ளும். உருளைகளைச் சுற்றிச் செல்லும் சட்டைக்கை மடிப்பு, வளையல், கடிகாரப் பட்டை போன்றவற்றின் வளைவும் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதைச் சொல்லும். முன்னே வரும் பகுதியைத் துணிந்து பெரிதாக்குங்கள். நீளத்தைக் குறைக்க மனம் வராமல் பாதியில் நிறுத்துவதுதான் இதில் பலருக்கும் நேரும் பிழை.

எவ்வளவு மிகைப்படுத்தலாம்?

தேவையென்று நினைப்பதைவிடக் கூடுதலாக. சிறு படங்களை வரையும்போது ஒன்றை வேண்டுமென்றே எல்லை மீறி, முதுகு முறியும் அளவுக்கு வளைத்து வரைந்து பாருங்கள். அதிலிருந்து திரும்பி வரும்போது நிற்கும் இடம், இயல்பான வளைவிலிருந்து தயங்கித் தயங்கி முன்னேறும்போது நிற்கும் இடத்தைவிட எப்போதும் துணிச்சலானதாக இருக்கும்.

என் கதையில் சண்டையே இல்லை. உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தும், சொல்லப்போனால் இங்கேதான் போஸுக்கு வேலை அதிகம். ஓர் அறையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் உண்மையைக் கேட்கிறார், மற்றவர் மறைக்கிறார். கேட்பவரின் எடை இருக்கையின் முன்விளிம்பில் இருக்கிறது, முன்கைகள் தொடைகள்மேல் ஊன்றியிருக்கின்றன, செயல்கோடு எதிரிலிருப்பவரை நோக்கி வளைகிறது. மறைப்பவரின் எடை நாற்காலியின் முதுகில் போய்ச் சாய்ந்திருக்கிறது, முகம் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் புன்னகைக்கிறது, ஆனால் முழங்கால்கள் கதவுப்பக்கம் திரும்பியிருக்கின்றன, ஒரு குதிகால் தரையில் படவில்லை. முகத்தை வரையாமலேயே யார் தப்பித்துப்போக நினைக்கிறார் என்று தெரிந்துவிடும். உடலின் ஒரு பகுதி ஒன்றைச் சொல்லும்போது இன்னொரு பகுதி அதை மறுப்பதைப் போலக் கதைக்கு உதவும் வேறொன்றை நான் அறியேன்.

இருவரை வரையும்போது இருவரின் செயல்கோடுகளையும் சேர்த்தே முடிவுசெய்யுங்கள். தனித்தனியாக நன்றாக இருக்கும் இரண்டு போஸ்களை அருகருகே வைத்தால் அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

முதலில் அனாடமி முழுவதையும் படித்துவிட்டுத்தான் போஸ்களுக்கு வர வேண்டுமா?

வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பழகுங்கள். தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒவ்வொரு தசையையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை வந்து, உருவம் மேலும் இறுகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விலாக்கூடு, இடுப்பு, தலை என்ற மூன்று திண்மங்களும் ஒன்றுக்கொன்று எப்படிச் சாய்ந்து திரும்பும் என்பதே தொடக்கத்தில் போதும்.

தினமும் என்ன பயிற்சி செய்யலாம்?

அசையும் மனிதர்களின் படங்களையோ வீடியோவையோ வைத்துக்கொண்டு, 30 நொடிக்கு ஒன்றாகப் பத்து உருவங்கள், பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து உருவங்கள் வரையுங்கள். மொத்தம் 15 நிமிடம். முப்பது நொடியில் முகத்துக்கோ விரல்களுக்கோ நேரமே இருக்காது. செயல்கோடு, எடை தாங்கும் கால், விலாக்கூடும் இடுப்பும் சாயும் திசை ஆகியவை வந்துவிட்டால் அந்தப் படம் முடிந்தது. கை மணிக்கட்டிலிருந்து அசையாமல் தோளிலிருந்து அசையட்டும். அதன்பின் படங்களை எடுத்து வைத்துவிட்டு, பார்த்தவற்றில் ஒன்றை நினைவிலிருந்து, ஆனால் வேறொரு கோணத்தில் வரைந்து பாருங்கள். பயிற்சியில் இந்தக் கடைசிப் பகுதிதான் கடினமானது, பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். பார்த்து வரையும் திறமை கற்பனையிலிருந்து வரையும் திறமையாக மாறுவது இங்கேதான்.

முதல் ஸ்கெட்ச்சில் இருந்த உயிர், மை போட்டு முடிக்கும்போது காணாமல் போகிறது. எப்படித் தடுப்பது?

ஸ்கெட்ச்சில் ஒரே இடத்தில் நாலைந்து கோடுகள் இருக்கும். கண் அவற்றில் மிகத் துணிச்சலானதைத் தானாகத் தேர்ந்துகொள்ளும். சுத்தப்படுத்தும்போது கை பாதுகாப்பான நடுக் கோட்டைத் தேர்ந்துகொள்கிறது, ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிறது. ஆகவே மை போடும் முன் எந்தக் கோடு முக்கியம் என்று தீர்மானித்து, நீண்ட வளைவுகளை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் இழுங்கள். கையின் இரு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தால் அது பலூன் போலாகிவிடும். ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் வளைந்தும் இருக்கட்டும். ஸ்கெட்ச்சை அழித்துவிடாமல் பக்கத்திலேயே வைத்து, நாலைந்து அடி தள்ளி நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோளின் சாய்வு குறைந்திருக்கிறதா, தலை நிமிர்ந்துவிட்டதா, குதிகால் தரையில் இறங்கிவிட்டதா என்ற மூன்றையும் கவனித்தால் எங்கே உயிர் கசிந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் ஸ்கெட்ச்சைப் பார்த்து மறுபடியும் வரையுங்கள்.